நீரைத் தாங்கும் பாசி
ஆஸ்திரேலிய மலைச் சதுப்புகளைக் காணச் செல்வோம்

ஆஸ்திரேலியா என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுபவை செம்மண் பாலைவனமும், துள்ளியோடும் கங்காருவும், கம்பளி ஆட்டு மந்தைகளுமே. அந்நாட்டிலும் பனி மூடும் மலைகள் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். கண்டத்தின் தென்கிழக்கு மூலையில், நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய இரு மாநிலங்களிலும் தலைநகர்ப் பகுதியிலுமாகப் பரவிக் கிடக்கிறது ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைத்தொகுதி. அதன் மிக உயர்ந்த சிகரமான கொசியஸ்கோவின் உயரம் 2,228 மீட்டர். நமது ஆனைமுடியைவிடவும் குட்டையானதுதான். ஆயினும் ஆண்டுதோறும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெண்பனி போர்த்திக்கொள்ளும். அந்நாட்டில் பருவங்கள் தலைகீழ் அல்லவா? கிறிஸ்து பிறப்பு விழா அங்கே கோடையின் நடுவில் வருகிறது.

பரந்த அக்கண்டத்தில் இம்மலைப் பகுதி நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எனினும் மர்ரே, மர்ரம்பிட்ஜி, ஸ்னோயி முதலான பேராறுகளின் தலைப்பு இங்கேதான் இருக்கிறது. வறண்ட நாட்டுக்கு நீர் தரும் இம்மலைகளின் மடியில், காலடியில் மிதிபடும் ஒரு சிறு பாசி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவரும் அரும்பணியைக் காணவே இப்பயணம்.

மலை ஏறுவோம்

தலைநகரான கான்பெராவின் மேற்கே நீல நிறச் சுவர்போல் தோன்றுவது பிரிண்டபெல்லா மலைத்தொடர். நகரை விட்டு நீங்கிக் கோட்டர் ஆற்றைக் கடந்தால், வளைந்து வளைந்து செல்லும் மண்சாலை நம்மை மலைமுகட்டின்மேல் கொண்டு சேர்க்கிறது. குளிர்காலத்தில் பனி படிவதால் இச்சாலையை அடைத்துவிடுவர். முகட்டின் வழியே தெற்கு நோக்கிச் சென்றால் ஜினினி மலையை அடையலாம். அதன் உயரம் ஏறத்தாழ 1,760 மீட்டர். வண்டியை விட்டிறங்கிக் கால்நடையாகக் கீழிறங்க வேண்டும். இங்கே நிற்பவை 'பனி யூக்கலிப்டஸ்' மரங்கள். உதகையில் விண்ணளாவி நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்களின் உறவினர்களாயினும், குளிராலும் காற்றாலும் முறுக்குண்டு, குட்டையாக, பச்சையும் செம்மையும் வெண்மையும் கலந்த வரிகளோடு காட்சி தருகின்றன.

சற்றுத் தொலைவு சென்றதும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மலை மேலே செல்லச் செல்ல மரங்கள் குறையும் என்பதே நாமறிந்த நியதி. இங்கோ மேட்டில் மரங்கள் அடர்ந்திருக்க, கீழே பள்ளத்தாக்கின் தரையில் ஒரு மரமும் இல்லை! காரணம் யாதெனில், குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது நீரைப்போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அப்பள்ளங்களில் கோடையிலும் உறைபனி விழுவதுண்டு, மரக்கன்றுகள் கருகிவிடும். மரம் வளர இயலாத அவ்வெற்றிடத்தில், மண்ணுக்குள்ளிருந்து கசியும் ஊற்று நீரை நம்பித் தன் ஆட்சியை நிறுவியிருக்கிறது பாசி. இவ்விடத்துக்கு 'ஜினினி சமவெளிச் சதுப்பு' என்று பெயர். உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 1996-இல் இது இடம்பெற்றது.

தொலைவிலிருந்து நோக்கினால் புல்வெளிபோல் தோன்றும். அருகில் சென்றால்தான் மேடும் பள்ளமுமாக அடுக்கப்பட்ட பாசி மெத்தைகள் தெரியும். வெளிர்பச்சை, பொன்மஞ்சள், பழுப்பு என ஒவ்வொன்றும் ஒரு நிறம். அவற்றினூடே கயிறுபோல் பின்னிக் கிடக்கும் கோரை வகைகளும், மெழுகுவர்த்திபோல் பூங்கொத்தை நிமிர்த்தி நிற்கும் குறுஞ்செடிகளும் காணப்படும். இடையிடையே சின்னஞ்சிறு குட்டைகள் வானத்தைக் காட்டி நிற்கும். கால் வைக்கக் கூடாது. வைத்தால் மெத்தை அமிழ்ந்து, நீர் சுரந்து, நம் சுவடு நெடுநாள் அழியாது நிற்கும்.

வேரில்லாச் செடி

இப்பாசியின் பெயர் 'ஸ்பேக்னம் கிறிஸ்டாட்டம்'. மேல்நிலை வகுப்பில் தாவரவியல் பயிலும் பிள்ளைகள் 'ஸ்பேக்னம்' என்ற சொல்லை அறிந்திருப்பர். உலகெங்கும் இக்குடும்பத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. 'கிறிஸ்டாட்டம்' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் 'கொண்டையுடையது' என்று பொருள். ஆஸ்திரேலிய மலைகளிலும், டாஸ்மேனியாத் தீவிலும், நியூசிலாந்திலும் வளரும் இனம் இது.

ஒரு தண்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை, வேரும் இல்லை! உச்சியில் கொண்டைபோல் இளங்கிளைகள் கூடியிருக்கும். அந்த உச்சி வளர்ந்துகொண்டே போகும். அடிப்பகுதி ஒளியிழந்து மடிந்துகொண்டே வரும். மடிந்தவற்றின்மேல் வாழ்பவை நிற்கின்றன. ஒன்றோடொன்று நெருக்கமாய் நிற்பதால்தான் அவை நிமிர்ந்திருக்கின்றன; தனித்தண்டு சாய்ந்து உலர்ந்து போகும்.

இதன் இலையை நுண்பெருக்கியின் கீழ் வைத்தால் இருவகை உயிரணுக்கள் தெரியும். ஒருவகை மெலிந்து நீண்டு, பசுமை நிறைந்து, சூரிய ஒளியில் உணவு சமைப்பவை. மற்றொரு வகை பெருத்து, நிறமற்று, உள்ளீடற்று இருப்பவை. இவை உயிரற்ற அணுக்கள். உட்சுவரில் சுருள் வளையங்கள் தாங்கி நிற்பதால் சுருங்கிவிடாமல் இருக்கின்றன. சுவரில் துளைகளும் உண்டு. அத்துளைகளின் வழியே புகும் நீரை அவை குடம்போல் ஏந்திக்கொள்கின்றன. இதனாலேயே உலர்ந்த ஸ்பேக்னம் தன் எடையைப்போல் இருபது மடங்கு வரை நீரை ஏற்க வல்லது. இறந்த அணுக்கள் நீரை ஏந்த, உயிருள்ள அணுக்கள் அந்நீரில் வாழ்கின்றன!

இப்பண்பை மனிதரும் பயன்படுத்தியதுண்டு. முதல் உலகப் போரில் பருத்திப் பஞ்சுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, பிரிட்டனில் பெண்களும் சிறுவர்களும் ஐரோப்பிய ஸ்பேக்னம் இனங்களைச் சேகரித்து, உலர்த்தி, தூய்மை செய்து, காயங்களுக்குக் கட்டும் பட்டைகளாகத் தைத்தனர். 1918-ஆம் ஆண்டளவில் மாதத்துக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் பட்டைகள் தயாராயின என்பர்.

வேறொரு திறமும் இப்பாசிக்கு உண்டு. நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு முதலிய உப்புச் சத்துக்களை ஈர்த்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக அமிலத்தை வெளியிடுகிறது. ஆகவே சுற்றியுள்ள நீர் புளிப்பேறுகிறது. புளித்த, குளிர்ந்த, காற்றோட்டமற்ற நீரில் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைப்பதில்லை. எனவே மடிந்த பாசி அழுகி மறைவதில்லை. கோரையின் வேர்களோடு அமுங்கி, கறுத்த, மெத்தென்ற ஒரு பொருளாகப் படிகிறது. அதுவே 'பீட்' எனப்படுவது. நிலக்கரியின் பாலப் பருவம் என்று கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்வதே அரிது. ஒரு மீட்டர் ஆழமுள்ள பீட்டின் அடியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உறங்குகிறது. ஜினினிச் சதுப்பின் அடிப்படிவத்தை ஆய்ந்து, அது தோன்றி ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது என அறிஞர் கணித்துள்ளனர். தாவீது அரசர் எருசலேமில் ஆட்சி புரிந்த காலத்திலேயே இங்கே பாசி தன் பணியைத் தொடங்கிவிட்டது!

உலகம் முழுவதையும் எண்ணிப் பார்த்தால், நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே பீட் நிலம். ஆனால் உலகின் காடுகள் அனைத்தும் தாங்கும் கரியைவிட அதிகமான கரி அதில் அடங்கியுள்ளது. பீட் ஈரமாக இருக்கும்வரை அக்கரி மண்ணில் அடங்கியிருக்கும். உலர்ந்தால் காற்றோடு கலந்து, புவியின் வெப்பத்தைக் கூட்டும்.

மலைச் சதுப்பு பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சிக் கோடையில் பிழிந்து தருகிறது என்று கூறுவது வழக்கம். அது முழு உண்மையன்று. பஞ்சு ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது மேலும் எவ்வளவு உறிஞ்சும்? சதுப்பின் மெய்யான பணி வேறு. சரிவில் பாய்ந்து வரும் நீரை அது மறித்து, பரப்பி, ஆயிரம் சிறு வழிகளில் பிரித்து, மெல்ல நடக்க வைக்கிறது. வண்டல் படிந்துவிடுகிறது, மண் அரிப்பதில்லை, சரிவின் நிலத்தடி நீர் வற்றாமல் நிற்கிறது. ஜினினியிலிருந்து வழியும் ஓடை கோட்டர் ஆற்றில் கலக்கிறது. கான்பெரா மக்கள் அருந்தும் நீரில் பெரும்பங்கு அந்த ஆற்று நீரே.

மெத்தையில் ஒரு தொட்டில்

இம்மெத்தையில் குடியிருக்கும் ஓர் உயிரை அறிமுகம் செய்யாமல் மேலே செல்ல இயலாது. கட்டை விரலின் மேற்கணு அளவே உள்ள தவளை அது. கறுப்பும் பளிச்சிடும் மஞ்சளும் கலந்த வரிகள். பட்டுச் சட்டை அணிந்ததுபோன்ற தோற்றம். பூர்வகுடி மக்கள் உடலில் வண்ணக்கோடுகள் தீட்டிக்கொண்டு கூடி ஆடும் விழாவுக்குக் 'கொரபோரி' என்று பெயர். அதனால் இதனைக் 'கொரபோரித் தவளை' என்றழைக்கின்றனர். தெற்கே கொசியஸ்கோ பகுதியில் ஓரினமும், இந்தப் பிரிண்டபெல்லாப் பகுதியையும் உள்ளிட்ட வடபுறத்தில் மற்றோர் இனமும் உண்டு. நச்சுத் தவளைகள் பலவும் தாம் உண்ணும் பூச்சிகளிலிருந்தே நஞ்சைப் பெறுகின்றன. இதுவோ தன் நஞ்சைத் தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும்.

கோடையில் ஆண் தவளை குட்டையின் ஓரத்தில் ஈரப்பாசிக்குள் சிறு வளை அமைத்து, பெண் தவளையை அழைக்கும். பெண் முட்டையிட்டுச் சென்றபின் ஆண் அங்கேயே தங்கும். முட்டைக்குள் குஞ்சு வளர்ந்து முற்றியபின் உடனே வெளிவருவதில்லை. மழையோ பனிநீரோ வந்து வளையை நனைக்கும்வரை பொறுத்திருக்கும். நீர் ஏறியதும் வெளிப்பட்டுக் குட்டைக்குள் நீந்தும். பனிக்கு அடியில் குளிர்காலம் முழுவதையும் தலைப்பிரட்டையாகவே கழித்து, அடுத்த கோடையின் தொடக்கத்தில் கால் முளைத்துக் கரையேறும். பாசி உலர்ந்தால் வளை உலரும். வளை உலர்ந்தால் ஒரு தலைமுறையே அழியும்.

இத்தவளைகளின் தொகை 1980-களிலிருந்து வேகமாகச் சரிந்தது. உலகெங்கும் தவளையினங்களை வாட்டும் ஒரு தோல் பூஞ்சை நோயே முதன்மைக் காரணம். இன்று இரு இனங்களும் அழிவின் விளிம்பில் உள்ளன. மெல்போர்ன், சிட்னி நகரங்களின் விலங்குக் காட்சிச்சாலைகளிலும், கான்பெராவை அடுத்த டிட்பின்பில்லா காப்பகத்திலும் இவற்றை இனப்பெருக்கம் செய்வித்து மலைக்குத் திருப்பி அனுப்புகின்றனர். திரும்பி வரும் பிள்ளைக்கு வீடு வேண்டாமா? அந்த வீடு இப்பாசியே.

குளம்படியும் வேலியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஐரோப்பியர், கோடைதோறும் ஆடுமாடுகளை இம்மலைகளுக்கு ஓட்டிவந்தனர். சமவெளி காய்ந்து கிடக்கையில் மலைமேல் பசும்புல் இருந்தது. அம்மக்களின் பிழைப்பும் பெருமையும் அதனோடு பின்னியவை. அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசலாகாது. ஆனால் கடினக் குளம்பு கொண்ட விலங்கு எதுவும் அதற்குமுன் அம்மண்ணை மிதித்ததில்லை. நீர் அருந்த இறங்கும் மாடு மெத்தையைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் நீர் ஒன்றுகூடி ஓடும். ஓடும் நீர் பீட்டை அறுத்து வாய்க்காலாக்கும். வாய்க்கால் ஆழமாக ஆழமாக இருபுறமும் நீர் வடிந்து பாசி காயும். அதன்பின் மாட்டைத் தடுத்தாலும், சதுப்பு தானே வடிந்துகொண்டிருக்கும். ஒரு குளம்படியில் தொடங்கியது ஒரு சதுப்பின் முடிவாகக்கூடும்.

இதனைச் சான்றோடு நிறுவியவர் ஒரு பெண்மணி. இதே மலைத்தொகுதியின் தென்பகுதியில், விக்டோரியா மாநிலத்தில், போகாங் உயர்சமவெளி உள்ளது. அங்கே அமையவிருந்த மின்நிலைய நீர்த்தேக்கங்களை மண் தூர்த்துவிடுமோ என்னும் கவலை 1940-களில் எழுந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாவரவியல் அறிஞர் மேய்சி ஃபாசெட் அம்மையார், ராக்கி பள்ளத்தாக்கில் 1945-லும் பிரெட்டி பள்ளத்தாக்கில் 1946-லும் சில நிலத் துண்டுகளுக்கு வேலியிட்டு மாடு புகாமல் காத்தார். வேலிக்கு உள்ளும் புறமும் எச்செடி வளர்கிறது, எது குறைகிறது என்று ஆண்டுதோறும் எண்ணிக் குறித்தார். மணத்தின்பின் மேய்சி கார் எனப்பட்ட அவர் 1988-இல் காலமானார்; அவர் தொடங்கிய கணக்கெடுப்பைப் பின்வந்தோர் தொடர்ந்தனர். வேலிக்குள் மண் மூடியது, செடி தழைத்தது. வெளியே வெற்று நிலம் மூடப்படாமலே கிடந்தது. விவாதம் செய்ய முடிந்ததை எண்ணிக்கை தீர்த்து வைத்தது.

கொசியஸ்கோவின் உயர்பகுதிகளில் மேய்ச்சல் 1958-ஆம் ஆண்டளவில் நிறுத்தப்பட்டது. விக்டோரியாவின் ஆல்ப்ஸ் பூங்காவில் 2005-இல் மேய்ச்சல் உரிமங்கள் முடிவுக்கு வந்தன. பின்னர் மீண்டும் முயற்சிகள் எழுந்தபோதிலும் 2015-இல் சட்டமே தடைசெய்தது. மத்திய அரசு 2009-இல் இச்சதுப்புகளை அழிவுக்குள்ளாகும் இயற்கைச் சமூகமாக அறிவித்தது. ஆயினும் காட்டுக் குதிரைகளும், மான்களும், பன்றிகளும் இன்றும் சதுப்பைக் கிழிக்கின்றன. குதிரைகளை அந்நாட்டு மரபின் அடையாளமாகப் போற்றுவோர் உள்ளனர். ஆகவே அவற்றைக் குறைப்பது பற்றி நெடிய வழக்காடல் நடந்துவருகிறது. குளம்பின் சுமை தாங்காத பாசிக்கோ வழக்கறிஞர் இல்லை.

தீயும் தென்னை நாரும்

2003 ஜனவரியில் மின்னல் தாக்கி மலையெங்கும் தீப் பற்றியது. அத்தீ ஜனவரி 18 அன்று கான்பெரா நகருக்குள்ளும் புகுந்து நான்கு உயிர்களையும் ஏறத்தாழ 500 வீடுகளையும் பலிகொண்டது. ஈரச் சதுப்பு தீக்கு அஞ்சுவதில்லை; ஆனால் அது நெடிய வறட்சிக்காலம். மலைச் சதுப்புகள் பலவற்றில் பாசி கருகியது. ஜினினியிலும் பெரும்பகுதி எரிந்தது. நிழல் தந்த குறுஞ்செடிகளும் எரிந்துபோனமையால், எஞ்சிய பாசி கடும் வெயிலில் வெளுத்தது. ஏற்கெனவே வாய்க்கால் வெட்டுண்ட இடங்களில் நீர் விரைந்தோடி, எரிந்த பீட்டை அரித்தது.

பூங்கா ஊழியரும் அறிவியலாரும் அவ்வாண்டே சீரமைப்பில் இறங்கினர். அவர்கள் கையாண்ட முறைகளின் எளிமை நம்மை வியக்க வைக்கிறது. எரிந்த பாசியின்மேல், நாற்றங்காலில் நாம் கட்டுவதுபோன்ற நிழல்வலையை விரித்தனர். நிழல் கிடைத்த இடத்தில் பாசி விரைவாகத் துளிர்த்தது. வாய்க்கால்களின் குறுக்கே வைக்கோல் கட்டுகளையும், தென்னை நாரால் செய்த தடித்த உருளைகளையும் பதித்தனர். ஆம், நம் தோப்புகளில் தேங்காய் மட்டையிலிருந்து பிரிக்கும் அதே வகை நார்தான்! கல்லணை கட்டினால் நீர் சுற்றிக்கொண்டு பக்கத்தை அரிக்கும். நார் உருளையோ நீரை முற்றிலும் தடுக்காமல், கசியவிட்டு, இருபுறமும் பரவச் செய்யும். ஓடிய நீர் நடந்தது. நடந்த நீர் பரவியது. பரவிய ஈரத்தில் பாசி படர்ந்தது. சில ஆண்டுகளில் நார் மக்கிப் போகும். அதற்குள் பாசியே அணையாகிவிடும்.

இதற்கு முன்னரும் ஒரு காயம் ஜினினிக்கு நேர்ந்ததுண்டு. இரண்டாம் உலகப் போரின் காலத்தையொட்டி, அங்கே பாசியை வெட்டியெடுத்து விற்றனர். அப்போது தோண்டிய பள்ளங்களின் தடம் பல பத்தாண்டுகள் கடந்தும் தெரிந்தது. சில கோடைகளில் வெட்டியதை மூட ஒரு மனித வாழ்நாள் போதவில்லை.

2020-இன் தொடக்கத்தில் மீண்டும் பெருந்தீ மூண்டு, ஜினினியை உள்ளடக்கிய நமட்கி தேசியப் பூங்காவின் பெரும்பரப்பை எரித்தது. பனி தங்கும் காலமும் 1950-களிலிருந்து சுருங்கி வருகிறது. வெப்பம் கூடினால் பாசி மலையேறித் தப்பலாம் என்பதற்கில்லை. அம்மலைகளுக்கு அதற்குமேல் உயரம் இல்லை. ஆகவே இருக்கும் சதுப்பைக் கிழியாமல், வடியாமல் காப்பதே அவர்கள் கையில் உள்ள வழி.

நம் வீட்டு வாசலில்

எங்கோ கடல் கடந்த மலையின் பாசிக்கும் நமக்கும் என்ன தொடர்பு எனக் கேட்கலாம். நம் வீட்டு முற்றத்துப் பூந்தொட்டியே விடை கூறும். நாற்றுப் பண்ணைகளில் உலகெங்கும் பீட்டைத் தோண்டிப் பயன்படுத்தி வருகின்றனர். அதற்கு மாற்றாக இன்று பல நாடுகள் நாடுவது, பொள்ளாச்சிப் பகுதியில் ஒருகாலத்தில் குவியல் குவியலாகக் கிடந்த தென்னை நார்க்கழிவை! கழுவி, அழுத்திக் கட்டிகளாக்கிக் கப்பலேற்றுகின்றனர். நாம் குப்பையென ஒதுக்கியது, தொலைநாட்டுச் சதுப்பு ஒன்றைத் தோண்டாமல் காக்கக்கூடும். தொட்டியில் ரோஜா நடும்போது நார்க்கழிவைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத் தலைவியும் அக்காவலில் பங்குகொள்கிறார்.

வேரில்லை, பூவில்லை, உயரமில்லை. ஒன்றையொன்று நெருங்கி நின்று, முன்னோர் மடிந்த மேட்டின்மேல் வளர்ந்து, வரும் நீரைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் மெல்லக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறது அப்பாசி. மூவாயிரம் ஆண்டுகளாக அது கட்டியதை ஒரு தலைமுறை கிழிக்கலாம். ஒரு தலைமுறை வேலியிட்டுக் காக்கவும் செய்யலாம். இரண்டும் அம்மலைகளில் நடந்திருக்கின்றன.